மூன்று புள்ளி, ஒரு கோடு

இதை நோட்டில் நானே எழுதினேன். மருமகள் கணினியில் ஏற்றுகிறாள். அறுபத்தொன்பது வயதில்தான் எழுதப் படிக்கக் கற்றேன். சென்னை சென்ட்ரலில் ‘ஹவுரா’ என்ற பலகையை இரண்டு முறை வாய்விட்டு வாசித்தேன். பக்கத்திலிருந்தவர் சிரித்தார். சிரிக்கட்டும்.

இது 2007 ஜனவரிப் பயணம். காலை 8.45க்குக் கிளம்பி, 1,660 கிலோமீட்டர் கடந்து, மறுநாள் நண்பகல் ஹவுரா. நான் முன்பு வேலை பார்த்த லேக் கார்டன்ஸ் பகுதிக்கு டாக்சிக்காரர் நூற்றைம்பது கேட்டார்.

“புது ஆளுன்னு நெனச்சியா தம்பி? இருவது வருஷம் இந்த ஊர் அழுக்கை வெளுத்தவன்” என்றேன், வங்காளத்தில்.

“அப்போ நடந்தே போங்க தாது, வழிதான் தெரியுமே!” தாது என்றால் அவர்கள் மொழியில் தாத்தா.

ஆற்றைக் கடக்கப் படகுக்கு நாலு ரூபாய், பஸ்ஸுக்கு ஆறு ரூபாய். ஒன்றேகால் மணி நேரம்.

அங்கே ஒரு சந்தில், நான் வெளுத்த காலத்தில், சிறிய சமயக் குழுவினர் பன்னிரண்டு பேர் ஒரே வீட்டில் இருந்தார்கள். எல்லோருக்கும் ஒரேமாதிரி வெள்ளை அங்கி. எது யாருடையது என்று தெரிய, கழுத்துப் பட்டியில் சேங்கொட்டை மையால் குறி வைப்பேன். அவர்களில் ஒருவரான சங்கரனுக்கு மூன்று புள்ளி, ஒரு கோடு.

தொண்ணூறுகளில் ஒரு காலை, ஏதோ வதந்தியை நம்பி ஒரு கும்பல் அந்த வீட்டில் புகுந்து அடித்தது. முகம் சிதைந்த ஓர் உடலின் அங்கியைக் காட்டிப் போலீஸ்காரர் என்னைக் கேட்டார். அடித்தவர்களில் இருவர் என் பின்னால் நின்றார்கள். பட்டியில் மூன்று புள்ளி, ஒரு கோடு. “என் குறி இல்லை” என்றேன். அநாதைப் பிணமாக எரித்தார்கள். கும்பலுக்குக் கதவைத் திறந்துவிட்டு ஓடியவன் சங்கரன்தான் என்று பேச்சு கிளம்பியது. அந்தப் பேச்சைத் துடைக்கத்தான் இத்தனை வருடம் கழித்துப் போனேன்.

மறுநாள் காலை பத்து மணிக்குக் கதவைத் தட்டினேன். இப்போது வீட்டைப் பார்த்துக்கொள்பவர் சங்கரனின் தங்கை வசந்தா.

“வெளுக்கிற முனுசாமிதானே? பல்லெல்லாம் எங்கே போச்சு?”

“பல்லு போச்சும்மா, எழுத்து வந்திருக்கு” என்றேன். பிறகு நடந்ததைச் சொன்னேன். “உங்க அண்ணன் ஓடலம்மா. அன்னிக்கே போயிட்டாரு.”

“ஓடிட்டான், காட்டிக்குடுத்தான்னு எல்லாரும் ஏசினா. நான் மறுத்ததே இல்லை. ஓடினவன்னா எங்கேயாவது இருப்பானோல்லியோ?”

ஒரு தாளை நீட்டினார். “எழுத்து வந்திருக்குன்னேளே. எழுதிக் குடுங்கோ. மத்தவாளும் நம்பணும்.”

நான்கு வரி எழுத முக்கால் மணி நேரமானது. பிறருக்காக நான் எழுதிய முதல் தாள் அது.

போகிறவர்களுக்கு: பிரார்த்தனை காலை ஏழு முதல் எட்டு வரை, யாரும் உட்காரலாம். பக்கத்திலேயே விடுதி இருக்கிறது, அறை இருநூற்றைம்பது ரூபாய். இப்படி ஒரு செய்தியைக் கொண்டுபோகிறவர் யாராவது இருந்தால், அன்றைக்கே திரும்பும்படி டிக்கெட் எடுக்காதீர்கள். நான் பிற்பகல் 2.50 வண்டிக்கு எடுத்திருந்தேன். அவர் அழத் தொடங்கியது நான் கிளம்ப எழுந்தபோதுதான்.