எண்ணெய் போட்ட பிரேக்

எழுபதுகளில் திருத்தணியில் பிரசவம் பார்க்கும் நர்ஸாக இருந்தேன். பெண் சைக்கிளில் போனால் ஊரே திரும்பிப் பார்க்கும் காலம். பிரேக் பிடிக்கும்போது கிறீச்சென்று சத்தம் வருகிறது என்று ஒருநாள் என் சைக்கிளை ரிப்பேர் கடையில் விட்டேன். கடைக்காரர் சத்தத்தை நிறுத்தித் தந்தார்.

மறுநாள் காலை மலையடிவாரச் சரிவில் இறங்கும்போது பிரேக் பிடிக்கவே இல்லை. எதிரே மாட்டுவண்டி. சட்டென்று ஹேண்டில்பாரை ஒடித்துத் திருப்பிப் பள்ளத்தில் விழுந்தேன். முழங்கை கிழிந்து ரத்தம் கொட்டியது.

"பொம்பள சைக்கிள் ஓட்டுனா இப்டித்தான் ஆவும்" என்றார் தூக்கிவிட்டவர். கூடியவர்கள் தலையாட்டினார்கள். பிரேக்கை ஒருவரும் பார்க்கவில்லை. நான் ரப்பர் கட்டையைத் தொட்டேன். விரலில் எண்ணெய் வழவழத்தது.

சைக்கிளைத் தள்ளிக்கொண்டு நேரே கடைக்குப் போனேன். கூட்டத்தில் பாதி பின்னாலேயே வந்தது.

"பிரேக் கட்டையில போயி எண்ணெய் போட்டிருக்கீங்களே?"

"சத்தம் வருதுன்னு நீங்கதானம்மா சொன்னீங்க? ஓட்டத் தெரியாம வுழுந்துட்டு என்னாண்ட வந்து கத்திகினு இருக்கீங்க."

சைக்கிளை அவர் முன்னால் தள்ளி நிறுத்தினேன். "நீங்க ஓட்டத் தெரிஞ்சவருதானே? இதே வண்டியில அந்தச் சரிவுல எறங்கிக் காட்டுங்க."

அவர் சைக்கிளைப் பார்த்தார். ஏறவில்லை. "வேற கட்டை போட்டுத் தரேன், வுடுங்கம்மா" என்று முணுமுணுத்தார்.

அதுவரை தெரியாமல் செய்துவிட்டார் என்றுதான் நினைத்திருந்தேன். எண்ணெய் போட்டால் பிரேக் பிடிக்காது என்று அவருக்குத் தெரிந்தே இருந்தது. முழங்கைக் காயம் ஆறிவிட்டது. தான் ஏறப் பயப்படும் வண்டியில் என்னை ஏற்றி அனுப்பினாரே, அந்தக் கோபம் மட்டும் இன்றுவரை ஆறவில்லை.