ஏற்றத்தாழ்வை அளக்கப் போன இடத்தில்

கதவைத் தட்டிக் கேள்வி கேட்கிற வேலையில் முதல் பதில் எப்போதும் "வேணாம்"தான். எதையும் விற்க வரவில்லை என்று புரிய வைப்பதற்குள் தொண்டை வற்றிவிடும். காப்புறுதியோ கணக்கெடுப்போ, நிரப்ப வேண்டிய பாரத்தைத் தூக்கிக்கொண்டு வாசல் ஏறியவர்களுக்கு இதை நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

என் கேள்விப் பாரம் ஜப்பானிலிருந்து வந்தது. அங்கே ஒரே ஆட்களைச் சில வருடங்களுக்கு ஒருமுறை திரும்பத் திரும்பப் பார்த்து, வாழ்க்கையில் யார் ஏறினார்கள், யார் இறங்கினார்கள் என்று அளக்கிறார்களாம். அதையே எங்கள் கெடா மாநிலத்திலும் செய்துபார்க்க ஒரு ஜப்பானியப் பேராசிரியருக்கு ஆசை. அலையக் கிடைத்தவள் நான்.

இது மூன்றாவது சுற்று. மெர்போக் ரப்பர் தோட்டத்து மேரி அக்காவை மட்டும் காணோம். மாதக் கடைசிக்குள் கிடைக்காவிட்டால் பட்டியலில் அவர் பெயரை அடித்துவிடுவார்கள். இப்படிக் காணாமல் போகிறவர்கள் பெரும்பாலும் இறங்கியவர்கள்தான். அவர்களை அடித்துவிட்டால் எல்லாரும் ஏறிவிட்டது போல இருக்கும். அது பொய். எனக்கு மனசு கேட்கவில்லை.

இரண்டு ஐஸ்பெட்டி

தோட்டத் தொழிலாளர் லயத்தில் மேரி அக்காவின் வீடு பூட்டிக் கிடந்தது. எதிர்வீட்டு லெட்சுமி அக்காவும் என் பட்டியலில் இருப்பவர்தான். "ஐஸ்பெட்டி இருக்கா?" என்றேன். "இல்லம்மா" என்றார் பரிதாபமாக. சுவரோரம் தரையில் சதுரமாக ஒரு தடம் மட்டும் வெளுப்பாக இருந்தது. நானும் 'இல்லை' என்று எழுதிக்கொண்டேன்.

அடுத்த வீட்டில் இரண்டு ஐஸ்பெட்டிகள் பக்கத்தில் பக்கத்தில் நின்றன. ஒன்றின் கதவில் லெட்சுமி அக்கா மகளின் பள்ளிக்கூடப் படம் ஒட்டியிருந்தது. திரும்பிப் போனேன். சில வருடம் கழித்து வந்ததில் என் முகம் மறந்து, அரசாங்க உதவி கொடுக்க வந்தவள் என்று நினைத்து, பெட்டியை ஆள் வைத்து அங்கே தூக்கியிருக்கிறார். சிரித்துக்கொண்டே சொன்னார்: "பந்துவான் ஆளுன்னு நெனச்சிட்டேன்லா தங்கச்சி. மேரியத் தேடுறீங்கன்னு முன்னயே சொல்லியிருந்தா தூக்கியிருக்கவே மாட்டோம். அவ அண்ணன் மெர்கோங்ல இருக்காரு, போய்க் கேளுங்க."

நடுப்படி

மேரி அக்காவின் அண்ணன் அந்தோணி ஓய்வுபெற்ற ஆசிரியர். பட்டியலில் இல்லாவிட்டாலும், போன கையோடு அவரிடமும் பாரம் முழுக்கக் கேட்டேன். வரிசையின் மூலையில் விசாலமான கார்னர் லாட் வீடு, வாசலில் இரண்டு கார், பிள்ளைகள் ஆஸ்திரேலியாவில். பாரத்தில் ஐந்து படி உள்ள ஏணிப் படம் ஒன்று உண்டு. நீங்கள் எந்தப் படியில் நிற்கிறீர்கள் என்று கேட்க வேண்டும். லயத்தில் கேட்டாலும் வசதியான தாமான் வீடுகளில் கேட்டாலும் விரல் நடுப்படிக்குத்தான் போகும். ஜப்பானிலும் அப்படித்தானாம். அண்ணன் விரலும் அங்கேயே போய் நின்றது. நான் கார்களைப் பார்ப்பதைக் கவனித்துவிட்டு அவர் சொன்னார்: "நடுத்தரம்தாம்மா. பக்கத்து வீட்டு டாக்டர் நீச்சல் குளம் கட்டுறாரு, அவர மேல போடுங்க."

தங்கைக்குப் பதிலாக

மேரி அக்காவின் முகவரியைக் கேட்டேன். "பண்டார் பாருவில இருக்கா, நல்லாத்தான் இருக்கா. அவ்வளவு தூரம் எதுக்கு? அவளுக்கும் சேர்த்து நானே சொல்லிடுறேன்" என்றார். மெர்கோங்கிலிருந்து பண்டார் பாரு என்றால் கெடாவின் நீளம் கிட்டத்தட்ட முழுக்க ஓட்ட வேண்டும். என் காரில் ஏர்கோனும் இல்லை. உண்மையைச் சொல்கிறேன், சபலம் தட்டியது. பேனாவைக்கூடத் திறந்துவிட்டேன். பெயர், வயது, படிப்பு மூன்றுக்கும் மளமளவென்று பதில் வந்தது. "இப்ப என்ன வேலை செய்றாங்க?" என்றேன். மனிதர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைக்க ஆரம்பித்தார்.

அடுப்படியிலிருந்து அவர் மனைவி ஒரு துண்டுத் தாளோடு வந்து என் கையில் கொடுத்தார். "கிறிஸ்மஸுக்கு கார்டு அனுப்பலாம்னு அட்ரஸ் வாங்கி வெச்சேம்மா. அனுப்பவே இல்ல. நீங்களாச்சும் போய்ப் பாருங்க."

மேசை

கார் கழுவும் கடையில் மேரி அக்கா துணி பிழிந்துகொண்டிருந்தார். பின்னால் ஒற்றை அறை, அதுதான் வீடு. "என்னைய எழுதி என்னா ஆவப்போவுது?" என்றார். உங்களுக்கு ஒன்றும் ஆகாது, எழுதாவிட்டால் எல்லாரும் நன்றாக இருப்பதாக ஆகிவிடும் என்றேன். துணியை வாளியில் போட்டார். பிறகு முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

உங்கள் பதினைந்து வயதில் வீட்டில் என்னென்ன இருந்தது என்று, இந்தச் சுற்றில் புதிதாகச் சேர்த்த ஒரு பக்கம் முழுக்கக் கேள்விகள். ரேடியோ? இருந்துச்சு. சைக்கிள்? இருந்துச்சு. படிக்க மேசை? இருந்துச்சு. அண்ணன் சொன்ன பதில்களும் அச்சாக இவையேதான். இருவரும் ஒரே இடத்தில் தொடங்கியவர்கள் என்று எழுதப் போனேன். அவர் ஈரக் கையைப் பாரத்தின் மேல் வைத்தார்: "இரும்மா. அந்த மேசை அண்ணன் படிக்க. நான் அப்பவே அம்மாவோட பால்வெட்டுக்குப் போயிட்டேன். நீ வீட்ல இருந்துச்சான்னு கேக்குறியா, எனக்கு இருந்துச்சான்னு கேக்குறியா?"

வீட்டுக்கு வீடு வித்தியாசம் தேடி மூன்று சுற்று அலைந்த நான், ஒரே வீட்டுக்குள் இருந்த வித்தியாசத்தை எழுதப் பாரத்தில் ஒரு கட்டம்கூட இல்லாததால், தாளைத் திருப்பிப் பின்பக்கத்தில் எழுதி ஜப்பானுக்கு அனுப்பிவைத்தேன்.