மலையில் அடித்த காற்று

அன்று அங்கே இருந்தது நான், என் மனைவி, அவள் தம்பி, அவனுடைய பழைய கார், அதன் நான்கு புது டயர்கள். டயர்களையும் ஆள் கணக்கில் சேர்க்கிறேன். பிரிஞ்சாங் டவுன் டயர் கடையில் என் பேரில் கடனுக்கு எடுத்தவை. ஒன்று வெடித்தாலும் கடன் என் தலையில். தேயிலைத் தோட்டத்துக்குத் திரும்ப வேறு காரும் இல்லை.

மலைக்குக் கீழே ஒரு கார்ப் பந்தயத் திடல். காசு கட்டினால் யாரும் சொந்தக் காரை ஓட்டலாம். மச்சானுக்கு வெகுநாள் ஆசை. விடியற்காலைப் பனியில், எங்கள் லயத்து வீட்டு வாசலில் நான்தான் காற்று அடித்தேன். முப்பத்திரண்டு பவுண்டு போதும் என்றான். நான் கொழுந்து லோரி ஓட்டுகிறவன். காற்று குறைவு என்றாலே பம்பைத் தூக்குகிறவன். முப்பத்தாறு வைத்தேன்.

திடலில் மூன்று சுற்று ஓடிவிட்டு மச்சான் வந்து நின்றான். வளைவில் கார் வழுக்குகிறதாம். அளந்து பார்த்தேன். நாற்பத்து மூன்று!

“ஐயோ, யாருடா இவ்வளவு அடிச்சது?”

“நீங்கதான் மாமா! சூட்டுல இன்னும் ஏறிருச்சு லா. டயரு பலூன் மாதிரி உப்பிக்கிட்டு, நடுவுல மட்டும்தான் ரோட்டத் தொடுது.”

சூட்டில் காற்று விரியும் என்று பள்ளியில் சொல்லியிருப்பார்கள். நான் இரண்டாம் படிவத்தோடு நின்றுவிட்டேன். இத்தனை வருடம் காற்று இறங்கிவிடுமோ என்று மட்டும் பயந்துகொண்டிருந்திருக்கிறேன்.

“இவருக்கு எறங்குனாலும் பயம், ஏறுனாலும் பயம்,” என்றாள் மனைவி, நாசி லெமாக் சோற்றுப் பொட்டலத்தைப் பிரித்தபடி. “பேசாம டயரக் கழட்டி சாமி மேடையில வச்சிருங்க.”

முப்பத்து மூன்றுக்கு இறக்கினோம். ஒவ்வொரு ‘உஸ்’ஸுக்கும் நான் கண்ணை மூடிக்கொண்டேன். அடுத்த சுற்றில் வழுக்கவே இல்லை.

“மாமா, ஒரு ரவுண்டு வாங்களேன்!”

நான் மாட்டேன் என்பதற்குள் மனைவி ஏறிவிட்டாள். அவர்கள் வளைவில் மறைந்ததும் எனக்குத் தெரிந்த சாமிகள் எல்லாரையும் கூப்பிட்டேன். வாயெல்லாம் சிரிப்பாகத் திரும்பி வந்தவள், இறங்காமலே, “தம்பி, இன்னொன்னு!” என்றாள்.

மறுநாள் காலை, லயத்து வாசல் குளிரில் மறுபடி அளந்தேன். இருபத்தாறு.

“பாத்தியா, எறங்கிருச்சு!” என்று மனைவியிடம் கத்தினேன். பழகிய பயம் திரும்பி வந்ததில் எனக்கு ஒரே சந்தோஷம்.

முப்பத்திரண்டுக்கு அடித்து, டயர்களைத் தடவிப் பார்த்தேன். கோடுகள் தேயாமல் அப்படியே இருந்தன. கடைக்கு இன்னும் நானூற்று எண்பது வெள்ளி பாக்கி.