முதலில் கால்

லோஜினி ஊசிப் பொட்டலத்தைப் பிரிப்பதற்கு முன் வந்தவரின் காலைக் கழுவுகிறார். வெந்நீர், நீலநிற பேசின், சோப்புத் துண்டு. குந்தி உட்கார்ந்து விரலிடுக்கு விடாமல் தேய்க்கிறார். அட்டை கடித்த புள்ளி, தேயிலைக் கட்டை கீறிய கோடு, எல்லாவற்றையும் கட்டைவிரலால் ஒருமுறை தடவிப் பார்க்கிறார். தோட்டத்திலிருந்து வரும் பெண்களுக்குக் கூச்சம் தாங்காது.

"அனே மிஸ், எங்க காலப் போயி நீங்க தொடலாமா?"

"தொடாம எப்படிக்கா பாக்கிறது? குடுங்க இங்கிட்டு."

பலாங்கொடை பஸ் நிலையத்துக்குப் பின்னால், துணிக்கடை மாடியில் அவருடைய அறை. ஒரு கட்டில், வருபவர்கள் காத்திருக்க ஒரு வாங்கு. பிறந்தது தோட்டத் தொழிலாளர் குடியிருக்கும் லயத்தில், அக்குபங்சர் படித்தது கொழும்பில். பல ஊர்களில் இந்த வைத்தியத்தைப் பார்த்திருக்கிறேன். முதலில் நாக்கை நீட்டச் சொல்வார்கள், நாடி பிடிப்பார்கள். இவரும் செய்வார், கால் காய்ந்த பிறகு. எண்ணிக் குத்துவார், எண்ணி எடுப்பார். ஒன்று குறைந்தால் கட்டிலையே நகர்த்தித் தேடுவார். ஊசி நிற்கும் இருபது நிமிடமும் யாரையும் பேச விடமாட்டார். கூடைக் கயிறு இழுத்து இறுகிய கழுத்துகள் அப்போதுதான் தூங்குகின்றன.

போன ஞாயிற்றுக்கிழமை இருளாயி வந்தார். ஐம்பது வயதிருக்கும். கொழுந்து எடுப்பவர். முழங்கால் வலி. வாங்கில் காத்திருந்த பஜார்க்கார மஹ்மூதா, "ஊசின்னா பயமில்லையா?" என்று கேட்டார்.

"எங் காலு கல்லுங்க. முள்ளு ஏறுனாக்கூடத் தெரியாது."

"அப்ப முழங்கால் மட்டும் என்னத்துக்கு வலிக்குது?"

இருவரும் சிரித்தார்கள். லோஜினி இருளாயியைக் கட்டிலில் உட்கார வைத்து, வலது செருப்பைக் கழற்ற இழுத்தார். வரவில்லை. அறுந்த வாருக்கு ஊக்குப் போட்டிருந்தது. மலையில் பாதிச் செருப்புகள் அப்படித்தான் ஓடுகின்றன. அந்த ஊக்கு திறந்து, செருப்பின் துளை வழியே பாதத்தில் ஏறியிருந்தது. சுற்றிலும் கறுத்துப் பழுத்திருந்தது. தினமும் அதே இடத்தில் குத்தியிருக்க வேண்டும்.

லோஜினி ஊக்கை மெதுவாக எடுத்தார். "வலிக்குதாக்கா?"

"எங்கங்க?"

"கண்ண மூடிக்கங்க. நான் தொடுறப்பச் சொல்லுங்க."

பெருவிரல். குதிகால். பாதத்தின் நடு. ஒவ்வொரு இடத்திலும் அழுத்திப் பிடித்தார். இருளாயி கண்ணை மூடியபடி பொறுமையாகக் காத்திருந்தார்.

"தொடுங்க மிஸ்," என்றார்.

மஹ்மூதா துப்பட்டாவை இழுத்து வாயை மூடிக்கொண்டார்.

"சீனி வருத்தம் இருக்காக்கா?"

"ரத்தம் சோதிச்சதில்லீங்க."

"இன்னைக்கு ஊசி இல்ல. ஆஸ்பத்திரிக்குப் போறோம். விட்டா காலையே எடுக்க வேண்டி வந்துரும்."

இருளாயி கண்ணைத் திறந்தார். "வார்டுல போட்டுருவாங்களே மிஸ். நாளைக்கு மலைக்குப் போகாட்டி பேரு இல்லீங்க. முட்டிக்கு மட்டும் குத்தி விடுங்க. புதன்கிழமை போறேன்."

பேர் என்றால் அன்றைய வேலை, அன்றைய கூலி. லயத்தில் பிறந்தவருக்கு அதை யாரும் விளக்க வேண்டியதில்லை. லோஜினி புண்ணைக் கழுவித் துணி சுற்றினார். இருளாயி கட்டிலை விட்டு இறங்கி, செருப்பைத் தேடிக் காலை நீட்டினார்.

லோஜினி இரண்டு செருப்பையும் எடுத்துத் தன் கைப்பைக்குள் போட்டார். ஸிப்பை இழுத்து மூடினார். பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, இருளாயியின் பக்கம் கையை நீட்டியபடி வாசலில் நின்றார்.