நிற்கிற வண்டிக்கு எதற்குச் சோறு?

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் எங்கள் வீட்டுக்கு ஒரு கார் வந்தது. லண்டனில் வேலை பார்த்துவிட்டு மதுரைக்குத் திரும்பிய டாக்டர் ஒருவர் கப்பலில் கொண்டுவந்த டீசல் கார். அப்போதே அதற்குப் பத்துப் பன்னிரண்டு வயது இருக்கும். கியர் தானாக மாறும், கிளட்ச் கிடையாது. அதைத் தள்ளிவிட அவர் ஆள் தேடிக்கொண்டிருந்தபோது, ராஜபாளையத்தில் பேண்டேஜ் துணிக்குத் தறி போட்டிருந்த என் கணவர் போய் மாட்டினார். மலிவு என்ற சொல் காதில் விழுந்துவிட்டால் அவருக்கு அடுத்த சொல் விழாது.

வாங்கி வந்த பிறகுதான் தன்னால் அதை ஓட்ட முடியாது என்று அவருக்குத் தெரிந்தது. இருபது வருடம் அம்பாசடர் மிதித்த கால். பஜாரில் கூட்டம் வந்ததும் அவருடைய இடது கால் இல்லாத கிளட்சைத் தேடிப்போய் பிரேக்கை ஓங்கி மிதிக்கும். பக்கத்தில் இருக்கும் நான் முன்கண்ணாடியில் போய் முட்டுவேன். ஒரே வாரத்தில் என் நெற்றியில் மூன்று புடைப்பு. தெருவில் வேறு விதமாகப் பேச்சு கிளம்புவதற்குள் அவர் சாவியை ஆணியில் மாட்டிவிட்டார்.

அந்தச் சாவியை எடுத்தது நான். மூன்று வயதில் வந்த இளம்பிள்ளை வாதத்தில் எனக்கு இடது கால் சூம்பிப்போனது. இல்லாததைத் தேடும் பழக்கமே அந்தக் காலுக்குக் கிடையாது. வலது கால் ஒன்றே போதும் என்கிற காரை ஆண்டவன் லண்டனில் செய்து எனக்காக அனுப்பியிருக்கிறான் என்று நினைத்தேன். ஊர்க்கோடியில் ஒரு மில்லுக்குப் பின்னால் இருந்த பொட்டலில் ஓட்டிப் பழகினேன். லைசென்ஸ் கொடுக்க வந்த அதிகாரி குனிந்து குனிந்து கிளட்சைத் தேடிவிட்டு, "இது காரா, இல்ல கூரை போட்ட ஸ்கூட்டராம்மா?" என்று கேட்டார். ஆனாலும் கொடுத்தார்.

ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு ஆபீஸில் எனக்கு டைப்பிஸ்ட் வேலை. அதுவரை பஸ்ஸில்தான் போய் வந்தேன். படிக்கட்டில் கண்டக்டர் ஒரு கையைப் பிடித்து இழுப்பார், கீழே நிற்கிறவர் யாராவது முட்டுக்கொடுப்பார். அரிசி மூட்டைக்குக்கூட அதைவிட மரியாதை உண்டு. கார் ஓட்டிக்கொண்டு ஆபீஸ் வாசலில் போய் இறங்கிய முதல் நாள், முப்பத்திரண்டு வயதில் முதல் முறையாக யார் கையும் படாமல் வேலைக்குப் போயிருக்கிறேன் என்று தோன்றியது. அன்று நான் அடித்த கடிதங்களில் ஒரு பிழைகூட இல்லை.

டீசல் விஷயத்தில்தான் வினை வந்தது. ஊருக்குள் ஓட்டினால் அந்தக் கார் குடித்துக்கொண்டே இருந்தது. என் கணவர் தீர்ப்புச் சொன்னார்.

"ஒரு வாரம் பாப்போம். லிட்டருக்குப் பத்து கிலோமீட்டராவது குடுக்கணும். குடுக்கலேன்னா வித்துருவேன். பொறவு நீ அழக் கூடாது."

"பத்துக்கு மேலயே குடுக்கும்" என்றேன், காரிடம் கேட்காமலேயே.

அந்த ஒரு வாரம் சோதனை எனக்கா காருக்கா என்று தெரியவில்லை. பெட்ரோல் பங்கில் டீசல் போடும்போது அவர் காரைப் பிடித்து ஆட்டு ஆட்டென்று ஆட்டினார். நுரை அடங்கினால்தான் நிஜமாகவே டேங்க் நிறையுமாம். கனம் குறையட்டும் என்று ஸ்டெப்னியைக் கழற்றி வீட்டில் வைத்தார். என் மூன்றடுக்கு டிபன் கேரியரை ஓரடுக்காக்கினார். எல்லாவற்றையும்விடப் பெரிய சட்டம் ரயில்வே கேட்டில். கேட் மூடியிருந்தால் இன்ஜினை அணைத்தே ஆகவேண்டும்.

"நிக்கிற வண்டிக்கு எதுக்குட்டி சோறு?" என்பார்.

அணைப்பது சுலபம். திரும்பக் கிளப்புவதற்கு, டீசல் சூடாகிறது என்று காட்டும் சின்ன விளக்கு அணையும்வரை காத்திருக்க வேண்டும். கேட் திறந்ததும் பின்னால் நிற்கிற லாரிகள் எல்லாம் சேர்ந்து ஹாரன் அடிக்கும். நான் விளக்கையும் அதற்கு மேலே இருந்த ஆண்டாளையும் மாறி மாறிப் பார்ப்பேன்.

ஆண்டாளைப் பற்றிச் சொல்ல வேண்டும். எனக்கு லைசென்ஸ் கிடைத்து, கோயிலில் காருக்குப் பூஜை போட்ட அன்றே என் கணவர் தேரடியில் ஒரு ஆண்டாள் ஸ்டிக்கர் வாங்கினார். ஊரில் எல்லோரும் முன்கண்ணாடியில் ஒட்டுவார்கள். இவர் மீட்டர் மேலேயே ஒட்டிவிட்டார். "ஓட்டுறவ கண்ணு எப்பவும் தாயார் மேலயே இருக்கட்டும்" என்று விளக்கம் வேறு. நல்ல வேளை, எண்களை மறைக்கவில்லை.

வாரக் கடைசியில் மறுபடி பங்கு, மறுபடி ஆட்டல். மீட்டரில் ஓடியது தொண்ணூற்றொன்று. இறங்கிய டீசல் பதினாலு லிட்டர். லிட்டருக்கு ஆறரை. "பத்து எங்க, ஆறரை எங்க? இது காரில்ல, யானை" என்றார் அவர். அழக் கூடாது என்று சொல்லியிருந்தாரே, அதனால் பாத்திரம் கழுவும்போது அழுதேன்.

அடுத்த வாரமே ஆலங்குளத்திலிருந்து ஒருவர் வந்துவிட்டார். ரோட்டு காண்ட்ராக்டர், தும்பைப்பூ வேட்டி. மைலேஜைக் கேட்டால் ஓடிவிடுவார் என்ற நம்பிக்கையில் நானே முந்திக்கொண்டு, "டவுனுக்குள்ள ஆறரைதான் குடுக்கும்" என்றேன். அவர் அசையவில்லை.

"குடிக்கட்டுமே தாயீ. மக கல்யாணத்துல மாப்பிள்ளை அழைப்புக்குச் சீமைக் கார் வேணும். அம்புட்டுதான்."

எனக்கு இருந்த ஒரே ஆயுதமும் போயிற்று. ஓட்டிக் காட்டுவதற்கு ஸ்ரீவில்லிபுத்தூர்வரை போகலாம் என்று முடிவானது. யார் ஓட்டுவது? நான்தான். என் காரை விற்க நானே ஓட்ட வேண்டும் என்பது என் தலையெழுத்து. காண்ட்ராக்டர் பக்கத்தில் உட்கார்ந்தார், என் கணவர் பின்னால். மீட்டர் முள்ளு நாற்பதைத் தாண்டவில்லை, ஆனாலும் இரண்டு பஸ்ஸை முந்தினேன். என்றைக்கும் அப்படித்தான். அதை என் திறமை என்றே அதுவரை நினைத்திருந்தேன்.

தேரடியில் நிறுத்தினேன். என் கணவர் இறங்கிப்போய், விலை முடிந்த மாதிரியே கால் கிலோ பால்கோவா வாங்கிவந்து அவர் கையில் கொடுத்தார். காண்ட்ராக்டர் முகம் சரியில்லை.

"அண்ணாச்சி, நான் ரோடு போடுறவன். போற வழியெல்லாம் கிலோமீட்டர் கல்லை எண்ணாம இருக்க முடியாது. உங்க வீட்டுலருந்து பதினோரு கிலோமீட்டர் வந்திருக்கோம். மீட்டர்ல ஏழுதான் ஓடியிருக்கு."

என் கணவர் விழித்தார். எங்கள் பக்கம் தூரத்தை யாரும் கிலோமீட்டரில் சொல்வதில்லை. ஸ்ரீவில்லிபுத்தூர் என்றால் பஸ்ஸில் அரை மணி, அவ்வளவுதான்.

"மீட்டரு தூரத்தை முழுங்குது. அம்பதாயிரம் காட்டுற வண்டி நெசமா எண்பதாயிரம் ஓடியிருக்கும். கெழட்டு மாட்டுக்குக் கொம்பு சீவி வைக்கிற கதையா இருக்கே! நமக்கு வேண்டாம்" என்று சொல்லிவிட்டு அவர் பஸ் ஸ்டாண்டைப் பார்த்து நடந்தார். பால்கோவாவைத் திருப்பித் தரவில்லை.

கணவர் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். எனக்குப் பதினொன்றும் ஏழும் மண்டைக்குள் சுற்றிக்கொண்டே இருந்தன. மீட்டரைப் பார்த்தேன். வெயிலில் ஸ்டிக்கரின் ஓரம் லேசாகக் கிளம்பியிருந்தது. தாயாரிடம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டு நகத்தால் மெல்லத் தூக்கினேன். ஆண்டாள் கையிலிருந்த கிளிக்கு அடியில், சின்னச் சின்ன ஆங்கில எழுத்தில், மைல் என்று போட்டிருந்தது.

"லண்டன்ல கிலோமீட்டர் கெடையாதுங்க" என்றேன். "மைலுக்கு ஒண்ணு புள்ளி ஆறு. ஆறரைன்னு சொன்னீங்களே, அது பத்துக்கு மேல வருது."

அவர் விரல்விட்டுப் பெருக்கிப் பார்த்தார். நம்பாமல் இன்னொரு முறை பெருக்கினார். பிறகு குனிந்து, பெருவிரலால் கிளியை அழுத்தி ஒட்டினார்.

"என்னங்க, மறுபடியும் மறைக்கீங்க?"

"இருக்கட்டும். நாளைக்கு எவனாவது வாங்க வந்து படிச்சிரப் போறான்."

ராஜபாளையத்துக்குள் நுழைந்ததும் ரயில்வே கேட் மூடியிருந்தது. பழக்கதோஷத்தில் என் கை சாவிக்குப் போனது. அவர் வெளியே பார்த்தபடியே சொன்னார்.

"விடுட்டி, ஓடட்டும்."