இமை தைத்து வந்த அம்மா

நினைவு மலருக்கு அம்மாவைப் பற்றி எழுது என்று அண்ணா சொன்னதும் எனக்கு முதலில் சிரிப்புத்தான் வந்தது. அம்மாவை அறிந்தவர்கள் பொறுத்துக்கொள்வீர்கள்.

கொக்கட்டிச்சோலைக்கு அருகே வயல்காரக் குடும்பமொன்றில் மூத்த மகளாகப் பிறந்தவர் அம்மா. திருமணமான பின்னும் தாய் கொடுத்த வீட்டிலேயே வாழ்ந்தார். அப்பா இளவயதில் காலமாகிவிட, வயல் வட்டையில் தானே நின்று வேளாண்மை செய்வித்து அண்ணாவையும் என்னையும் வளர்த்தார்.

ஐம்பதைத் தாண்டியதும் அவருடைய கீழிமைகள் இரண்டும் தளர்ந்து வெளியே மடிந்துவிட்டன. உட்புறச் சிவப்புத் தெரிய, கண்ணீர் ஓடிக்கொண்டே இருக்கும். பகிடி சொல்லிச் சிரிக்கும்போதும் ஓடும். கல்யாண வீட்டில் யாராவது, "என்னகா, ஏன் அழுறாய்?" என்பார்கள்.

"கறி உறைப்புகா" என்பார் அம்மா.

உறக்கத்திலும் கண் மூடாமல் போகவே பார்வை மங்கத் தொடங்கியது. சண்டைக் காலம். இராணுவம் பாதை திறந்த நாள் பார்த்து அண்ணா அவரை வாவி கடந்து மட்டக்களப்பு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனார். மரத்துப்போக விறைப்பூசி போட்டு, தளர்ந்த இமையைக் கொஞ்சம் வெட்டி, இழுத்துத் தைத்தார்கள். விழித்தபடி படுத்திருந்த அம்மா, "டொக்டர், வடிவாத் தையுங்க. மகளுக்கு மாப்பிள்ளை பாக்கப் போகணும்" என்றாராம். டொக்டர் சிரித்து முடிக்கும்வரை ஊசி அந்தரத்தில் நின்றதாம்.

நாவற்குடாவில் சின்னம்மா வீட்டில் தங்கி, தையல் வெட்டி ஊர் திரும்பும் வழியில், சோதனைச் சாவடியில் சிக்கல். அடையாள அட்டைப் படம் இமை மடிந்த பின் எடுத்தது; அதில் இருந்தது பழைய கண். சிப்பாய் படத்தையும் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார்.

"இது நீங்க இல்ல."

அண்ணாவின் அட்டையையும் வாங்கிக்கொண்டு அவரை ஓரமாக நிற்கச் சொன்னார். அப்படி ஓரத்தில் நின்ற பொடியன்கள் சிலர் வீடு திரும்பாத காலம் அது.

அம்மா இரண்டு விரல்களால் தன் கீழிமைகளைக் கீழே இழுத்துப் பிடித்தார்.

"இப்ப பாருங்க மனே, நான்தானே?"

சிப்பாய் சிரித்துவிட்டார். மற்றச் சிப்பாயையும் கூப்பிட்டுக் காட்டினார். இரண்டு அட்டைகளும் கைக்கு வந்தன.

தோணியில் ஏறியதும் அண்ணா ஏசினார். "கண்ணைத் தொட வேணாம் எண்டு டொக்டர் சொன்னாருதானே? தைச்ச இடம் பிரிஞ்சிருந்தா?"

"பிரிஞ்சா திரும்பத் தைக்கலாம் மனே. உன்னப் பிடிச்சா ஆரு திருப்பித் தருவா?"

கண் பிரியவில்லை. எனக்கு மாப்பிள்ளையையும் அந்தக் கண்ணால்தான் பார்த்தார். பேரப்பிள்ளைகளுக்கு மீன்முள் எடுத்து ஊட்டினார். சில நாள் காய்ச்சலில், எங்கள் எல்லோரையும் பார்த்தபடியே போய்ச் சேர்ந்தார்.

கண்ணைத் தைத்துத் தந்த மருத்துவருக்கும் தாதியருக்கும், நாவற்குடாவில் தங்க இடம் தந்து கஞ்சி வைத்துக் கொடுத்த சின்னம்மாவுக்கும், இறுதிக் கிரியைகளில் தோள் கொடுத்த உறவினர், அயலவர் அனைவருக்கும் எங்கள் நன்றி. அம்மாவுக்குக் கொள்ளி வைக்க அண்ணா இருந்தார். அதற்காக, பெயர் தெரியாத அந்தச் சிப்பாய்க்கும்.

அன்பு மகள்