தாராத் தொட்டியில் பூசிய எண்ணெய்

கால்நடை அலுவலகத்தில் புதிதாகச் சேர்கிற பிள்ளைகள் எல்லாரும் என்னிடம் கேட்பது பறவைக் காய்ச்சலைப் பற்றித்தான். காய்ச்சல் வந்தால் பறவை சாகும், அது யாருக்கும் தெரியும். என்னைப் போட்டு ஆட்டியது சாகாத பறவைகள். அந்தக் கதையைச் சொல்கிறேன்.

நான் ஓய்வு பெறுவதற்குச் சற்று முன், மண்டூர்ப் பக்கம் வாவிக்கரையில் தாரா வாத்து வளர்க்கும் பூமணி அக்கா எனக்குப் போன் எடுத்தார்.

“சேர், அடை வைச்சது ஒண்டும் பொரிக்குதில்ல. போன முறையும் இப்பிடித்தான்.”

எங்கள் மிருக வைத்தியரிடம் சொன்னேன். மனிசன் பைலில் இருந்து தலையைக்கூட எடுக்கவில்லை. “கூழ் முட்டையா இருக்கும். விற்றமினைக் குடுத்திட்டு வாங்க.”

போனேன். தாராக்களைப் பார்த்தால் கண் படும். கொழுத்து மினுமினுவென்று நின்றன. அடையில் இருந்த முட்டை ஒன்றை உடைத்தேன். கூழ் முட்டை இல்லை. பொரிக்கும் பருவத்துக் குஞ்சு உள்ளேயே செத்துக் கிடந்தது. அலகு கோணி, மேல் சொண்டு ஒரு பக்கம், கீழ்ச் சொண்டு மறு பக்கம். வயிறு நீர் கோத்து வீங்கியிருந்தது. அடுத்த முட்டையில் இருந்ததற்கு ஒரு கண்ணே இல்லை. என் சேவைக் காலத்தில் அப்படி ஒன்றை நான் கண்டதில்லை.

தீன் போடும் மரத்தொட்டி கறுத்து, எண்ணெய்ப் பிசுக்காக இருந்தது. “இதுக்கு என்ன பூசினீங்க?”

“கறையான் அரிக்குதெண்டு இவர்தான் பூசினவர். வெல்டிங் கடையில பழைய ட்ரான்ஸ்போமர் ஒயில் கிடந்ததாம். மறுகா கறையான் வரவே இல்ல சேர்.” சொல்லும்போது அவருக்குப் பெருமைகூட.

பழைய ட்ரான்ஸ்போமர் எண்ணெய் சிலவற்றில் பிசிபி என்ற இரசாயனம் இருக்கும். அது இலேசில் அழியாது. தாய்த் தாராவின் கொழுப்பில் போய்க் குந்திக்கொள்ளும். தாய்க்கு வெளியில் ஒன்றும் தெரியாது. மஞ்சட்கருவோடு இறங்கி, உருவாகிற குஞ்சைத்தான் கெடுக்கும். பரிசோதிக்க எங்களிடம் வசதி இல்லை, ஆனால் என் சந்தேகம் இதில்தான் என்று விளக்கினேன்.

“தாராவையும் முட்டையையும் விக்கவும் வேணாம், தின்னவும் வேணாம் அக்கா.”

ஏசுவார் என்று நினைத்தேன். அவர் குசினி வாசலைப் பார்த்தார். அங்கே அவருடைய மகள் நிறைமாத வயிற்றோடு நின்றாள்.

“விடிஞ்சா இவளுக்கு ஒரு முட்டை அவிச்சுக் குடுக்கிறனான் சேர். கடை முட்டை நல்லமில்லையெண்டு.”

“மகளைக் காட்டுற கிளினிக்கில இதைச் சொல்லுங்க அக்கா” என்றேன்.

பிள்ளை பிறந்ததும் அக்காவே போன் எடுத்தார். முகம், கை, கால் எல்லாம் வடிவாக இருக்கிறது என்றார். அப்பாடா என்றிருந்தது. பிறகு குரலைத் தாழ்த்தினார்.

“தாராவுக்கு முட்டையில இறங்கினது, மகளுக்குப் பாலில இறங்குமா சேர்?”

இறங்கும். அது எனக்குத் தெரியும். “கிளினிக் டொக்டர் என்ன சொன்னவர்?” என்று கேட்டேன். தாய்ப்பாலை நிறுத்தக் கூடாது, அதைப்போல வேறொன்றும் இல்லை என்றாராம்.

“அப்ப குடுக்கச் சொல்லுங்க அக்கா.”

“குடுக்கிறாள் சேர். நான்தான் பார்க்க ஏலாம அங்கால எழும்பிப் போயிடுறன்.”

பிள்ளைகளே, பொரிக்காத முட்டையோடு யாராவது உங்களிடம் வந்தால், அதை உடைத்துப் பார்க்க முதல், மற்ற முட்டைகளைச் சாப்பிட்டது யார் என்று கேளுங்கள்.